1967 இறுதியில் மலாயா வெள்ளிக்கு இலங்கை ரூபாய் எவ்வளவு? மூன்று பதிவுகள் மூன்று விகிதம் காட்டுகின்றன

வடலி எழுதியது:

வணக்கம். எங்கள் அப்பப்பா யாழ்ப்பாணத்தில் வைத்திருந்த வரவு செலவுக் கொப்பியைக் குடும்பத்தாருக்காகத் தட்டச்சு செய்து வருகிறேன். மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த பெரியப்பா கோலாலம்பூரிலிருந்து மாதந்தோறும் 120 வெள்ளி (மலாயா டொலர்) அனுப்பியிருக்கிறார்; அதற்கு இங்கே வங்கி கொடுத்த ரூபாயை அப்பப்பா அதே வரியில் குறித்திருக்கிறார். 1955 முதல் 1967 ஒக்டோபர் வரை அந்தத் தொகை எப்போதும் 186 ரூபாயும் சில சதங்களுமாகவே இருக்கிறது. 1967 டிசெம்பரில் அது 198 ரூபாயாகவும், 1968 ஜனவரியில் 232 ரூபாய் 80 சதமாகவும் ஆகிறது. மூன்று தடவையும் அனுப்பியது 120 வெள்ளிதான் என்று பெரியப்பாவின் கடிதங்களும் சொல்கின்றன.

நான் பார்த்த இணையக் கணிப்பான்கள் எதிலும் இந்தச் சோடிக்கு அவ்வளவு பழைய விகிதம் இல்லை. ஆகவே உலக வங்கியின் ஆண்டுச் சராசரிகளை எடுத்து, இரு நாணயங்களையும் அமெரிக்க டொலர் வழியாக வகுத்துப் பார்த்தேன். 1966 வரை எல்லாம் பொருந்துகிறது. 1967க்கு வரும் விகிதம் கொப்பியிலுள்ள எந்த வரியோடும் ஒத்துவரவில்லை. அப்பப்பா பிழையாக எழுதியிருப்பாரா, அல்லது என் கணக்கு முறையில் கோளாறா?

சில்லறை எழுதியது:

உங்கள் அப்பப்பா சதக் கணக்கில்கூடத் தவறவில்லை என்றே தெரிகிறது. அந்தக் காலத்தில் ரூபாய்க்கும் வெள்ளிக்கும் நேரடிச் சந்தை விலை என்று ஒன்று இல்லை. இரண்டும் இங்கிலாந்துப் பவுணோடு கட்டப்பட்டிருந்ததால், இரண்டின் சமவீதத்தையும், அதாவது பவுணுக்கு எதிராக அதிகாரபூர்வமாக நிர்ணயிக்கப்பட்ட மதிப்பையும், வைத்தே இரண்டுக்கும் இடையிலான குறுக்கு விகிதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வெள்ளி 2 சிலிங் 4 பென்ஸ், அதாவது 28 பென்ஸ். இது 1906இல் நிறுவப்பட்ட விகிதம். ஒரு ரூபாய் 1 சிலிங் 6 பென்ஸ், அதாவது 18 பென்ஸ். 28ஐ 18ஆல் வகுத்தால் 1.5556 வருகிறது, 120 வெள்ளிக்கு 186 ரூபாய் 67 சதம். வங்கி தன் கூலியைக் கழித்துக்கொண்டபின் மிஞ்சியதுதான் உங்கள் கொப்பியில் இருக்கிறது. 1949இல் பவுணின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது ரூபாயும் வெள்ளியும் அதே அளவில் இறங்கியதால், டொலருக்கு எதிரான விகிதங்கள் புரண்டபோதும் இந்தக் குறுக்கு விகிதம் அசையவேயில்லை.

1967 நவம்பர் 18 அன்று பவுண் 2.80 டொலரிலிருந்து 2.40 டொலருக்குக் குறைக்கப்பட்டது. இலங்கை அதே மாதத்தில் அதைவிட ஒரு படி கூடுதலாக, 20 சதவீதம் குறைத்தது. ஒரு டொலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 5.95 ஆயிற்று. மலேசியாவின் புதிய வெள்ளி மட்டும் 3.06இலேயே நின்றது. 5.9524ஐ 3.0612ஆல் வகுத்தால் 1.9444, 120 வெள்ளிக்கு 233 ரூபாய் 33 சதம். உங்கள் ஜனவரி வரி இதோடு பொருந்துகிறது.

உங்கள் வகுத்தலில் குறையில்லை. தேர்ந்தெடுத்த தரவுதான் இந்த இடத்துக்கு உதவாது. ஆண்டின் பெரும்பகுதி 4.76இலும் கடைசிச் சில வாரங்கள் 5.95இலும் நின்ற ஒரு நாணயத்துக்குச் சராசரி எடுத்தால், எந்த வங்கி முகப்பிலும் எவரும் ஒரு நாளும் மாற்றிக்கொள்ளாத ஓர் எண் கிடைக்கும். நிலையான விகிதங்கள் இருந்த காலத்துக்கு, மதிப்புக் குறைப்பு நடந்த தேதிக்கு முன்னும் பின்னும் இருந்த சமவீதங்களைத் தனித்தனியே எடுத்துக்கொள்ளுங்கள். டிசெம்பர் மாதத்து 198 ரூபாய்க்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை.

பினாங்குவாசி எழுதியது:

டிசெம்பர் வரிக்கு விடை எங்கள் பக்கத்தில் இருக்கிறது. மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 1967 ஜூன் 12 அன்று புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டபோது, மலாயா–பிரிட்டிஷ் போர்னியோ வெள்ளி அதற்குச் சமமாகப் புழக்கத்தில் தொடரும் என்றே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் பழைய வெள்ளி பவுணோடு கட்டப்பட்டதாகவே இருந்தபடியால், நவம்பரில் பவுண் சரிந்தவுடன் அதன் மதிப்பும் சரிந்து, ஒரு பழைய வெள்ளிக்கு 85 காசு என்று நிர்ணயிக்கப்பட்டது. பழைய நோட்டுகளைப் பெட்டியில் சேர்த்து வைத்திருந்த சிறு வியாபாரிகளும் தோட்டத் தொழிலாளர்களும் ஒரே நாளில் வெள்ளிக்குப் பதினைந்து காசு இழந்தார்கள். பினாங்கில் அதற்காகத் தொடங்கிய கடையடைப்பு கலவரமாகவே முடிந்தது.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். 120 பழைய வெள்ளி என்பது 102 புதிய வெள்ளி, 102ஐ 1.9444ஆல் பெருக்கினால் 198 ரூபாய் 33 சதம். உங்கள் பெரியப்பா அந்த மாதம் கையிலிருந்த பழைய நோட்டுகளைக் கொண்டுபோய் வங்கியில் கட்டியிருக்க வேண்டும். கடிதத்தில் 120 என்று எழுதியதும் பொய்யில்லை.

வடலி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டிசெம்பர் கடிதத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். “நோட்டுப் பிரச்சினையால் இம்முறை குறைந்துதான் வரும்” என்ற ஒரு வரி அதன் ஓரத்தில் இருக்கிறது. இதுவரை அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை. 1968 மே மாதத்துக்குப் பிறகான கொப்பி கனடாவில் அண்ணரிடம் இருக்கிறது, அதற்கும் 1.9444ஐயே வைத்துக்கொள்ளலாமா?

சில்லறை எழுதியது:

கொப்பியைப் பார்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் குறிப்பிடும் அந்த மே மாதத்தில்தான் இலங்கை அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. தேயிலை, ரப்பர், தெங்குப் பொருள் ஏற்றுமதிக்கும் அரிசி, மா போன்ற அத்தியாவசிய இறக்குமதிக்கும் பழைய விகிதமே நீடிக்க, வேறு பல கொடுக்கல் வாங்கல்களுக்கு அதன்மேல் 44 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. அந்தக் கூடுதல் பின்னர் 55 ஆகவும் 65 ஆகவும் உயர்ந்தது. 1977 நவம்பரில்தான் விகிதங்கள் மீண்டும் ஒன்றாக்கப்பட்டன. புள்ளிவிவர அட்டவணைகளில் பெரும்பாலும் அதிகாரபூர்வ விகிதம் மட்டுமே இருக்கும் என்பதால், இந்த இரண்டாவது விகிதம் எளிதில் கண்ணுக்குத் தப்பிவிடும்.

அண்ணரிடம் ரூபாய்த் தொகையை 120ஆல் வகுக்கச் சொல்லுங்கள். 1.94ஐ ஒட்டி வந்தால் பணம் பழைய விகிதத்தில் மாற்றப்பட்டிருக்கிறது, 2.80ஐ ஒட்டி, அதாவது 336 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இருந்தால், சான்றிதழ் விகிதம் கிடைத்திருக்கிறது. வங்கித் துண்டு ஏதேனும் பக்கங்களுக்கிடையே செருகியிருந்தால் அதில் சான்றிதழ்த் தொகை தனி வரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சிலர் அதை வேறு நாளில் வரவு வைத்திருக்கக்கூடும் என்பதால், ஒரே மாதத்தில் இரண்டு வரவுகள் தென்பட்டால் கூட்டிய பிறகே வகுக்க வேண்டும்.