புதுப்பிப்பு: ‘சால்’ மாறி ஏன் உதைத்தது
தஞ்சைப் பக்கத்து உழவுக் கணக்கு நிரலில், ஒரு மா நிலத்துக்கு எத்தனை சால் (உழவுக் கோடு) என்பதற்கு எஸ்ஏஎல் என்று மாறி (மதிப்பை வைக்கும் பெயர்) வைத்ததும் மாஸ்ம் என்ற அசெம்ப்ளர் ‘சின்டாக்ஸ் எரர்’ தந்ததே, அது தீர்ந்தது.

எஸ்ஏஎல் என்பது பிட்டுகளை இடப்பக்கம் நகர்த்தும் ஷிஃப்ட் கட்டளை; அதனால்தான் அந்தப் பெயரை மாறிக்கு ஏற்கவில்லை. பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாற்றிப் பயனில்லை. மாறியை அறிவிக்கும் முன்பே ‘ஆப்ஷன் நோகீவேர்ட்:<எஸ்ஏஎல்>’ போட வேண்டும். அதன்பின் அந்தக் கட்டளை கிடைக்காது. நட்டமில்லை, எஸ்ஹெச்எல் செய்வதும் அதே வேலைதான்.

நாஸ்ம் என்ற இன்னொரு அசெம்ப்ளரில் பெயருக்கு முன் $ குறி போட வேண்டும், பயன்படுத்தும் ஒவ்வொரு இடத்திலும். அசெம்ப்ளர் ஆக்கித் தரும் ஆப்ஜெக்ட் கோப்பில் $ ஏறாது.

‘ஆள்’ கணக்குக்கு ஏஎல் என்று மட்டும் வைக்காதீர்கள். அது ரெஜிஸ்டர் (செயலிக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடம்): $ குறியும், மாறியின் மதிப்பை எடுக்கப் போடும் சதுர அடைப்பும் சேர்ந்து விட்டுப்போனால் ‘மூவ் சிஎல், ஏஎல்’ பிழையே காட்டாமல் ரெஜிஸ்டரில் கிடப்பதை எடுத்துவிடும். வயல்_ஆள் போதுமே!

கட்டளைக்கே தமிழ்ப் பெயர் கேட்டவருக்கு: நாஸ்மில் ‘%டிஃபைன் நகர்த்து மூவ்’, ஆங்கில எழுத்தில்; பிறகு ‘நகர்த்து’ என்றாலே ‘மூவ்’தான்.