உண்ணும் திராட்சையும் ஒயின் திராட்சையும் பிரான்சில் ஏன் வேறுவேறாக இருக்கின்றன?

துலூஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலை நிமித்தமாகப் பிரான்சின் தென்மேற்கில் உள்ள துலூஸ் நகரில் குடியேறி ஓராண்டு ஆகிறது. இங்குள்ள வாரச்சந்தையில் இந்தச் செப்டம்பரில் ‘ஷாஸ்லா’ என்ற பெயரில் பொன்னிறத் திராட்சை விற்கிறார்கள். தோல் இருப்பதே தெரியாமல் வாயில் கரைகிறது. சென்ற வாரம் உடன் பணியாற்றும் நண்பர், நகருக்கு வடக்கே ஃப்ரோந்தோன் பகுதியில் உள்ள தம் குடும்பத் தோட்டத்திற்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே விளைந்திருந்தது ‘நெக்ரெத்’ என்னும் கருந்திராட்சை. ஒரு கொத்தைப் பறித்துத் தின்று பார்த்தேன். இனிப்பு ஷாஸ்லாவைவிட மிகுதிதான். ஆனால் பழம் சிறியது, விதைகள் நிறைந்தது, தோலை மென்றதும் நாக்கில் நாவற்பழத் துவர்ப்பு, விரல்களில் மறுநாள் வரை போகாத கறை.

எனக்கு இரண்டு ஐயங்கள். இவ்வளவு இனிக்கும் பழத்தை ஏன் யாரும் சந்தைக்குக் கொண்டுவந்து விற்பதில்லை? அடுத்ததாக, வெளிநாட்டு ஒயின் புட்டிகளில் கபர்னே, மெர்லோ என்று திராட்சையின் பெயர் இருக்க, பிரெஞ்சுப் புட்டிகள் பலவற்றில் ஊரின் பெயர் மட்டுமே இருக்கிறதே, அது ஏன்? இவற்றோடு, திராட்சையைத் தவிர இந்நாட்டுக்கே உரிய பழங்கள் எவை என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றி உடையவனாவேன்.

கொடித்தோட்டம் எழுதியது:

போர்தோ பகுதியில் மூன்று பருவங்கள் அறுவடைக் கூலியாக வேலை செய்தவன் என்ற முறையில் முதல் ஐயத்திற்கு விடை சொல்கிறேன். உங்கள் நாக்கு உணர்ந்த துவர்ப்புதான் ஒயின் செய்பவருக்கு வேண்டிய சரக்கு. சிவப்பு ஒயினுக்கு நிறமும் டானின் என்னும் துவர்ப்பும் சாற்றிலிருந்து வருவதில்லை; தோலிலிருந்தும் விதையிலிருந்தும்தான் வருகின்றன. பழம் சிறுத்தால் சாற்றின் அளவுக்குத் தோலின் பங்கு கூடும் என்பதால், நாம் குறையாக எண்ணும் சிறிய உருவம் அவர்களுக்கு நிறைவு. இனிப்புக்கும் கணக்கு உண்டு: ஒரு லிட்டர் சாற்றில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 விழுக்காடு ஆல்கஹால் கிடைக்கும். 13 விழுக்காட்டு ஒயினுக்கு லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை வேண்டும். உண்ணும் திராட்சைக்கு 160, 180 கிராமே போதும், அதற்கு மேல் போனால் இரண்டாவது கைப்பிடியிலேயே தெவிட்டிவிடும். தோல் நீங்கிய சாறு பெரும்பாலான கருந்திராட்சைகளிலும் நிறமற்றதாகவே இருக்கும். ஷாம்பெயினில் பினோ நுவார், மெனியே ஆகிய கருந்திராட்சைகளைப் பிழிந்தும் வெள்ளை ஒயின் எடுக்க முடிவது அதனால்தான்.

நீங்கள் வாங்கிய ஷாஸ்லா பெரும்பாலும் முவாசாக்கிலிருந்து வந்திருக்கும். உங்கள் ஊருக்கு வடமேற்கே ஒரு மணிநேரப் பயணம். விளைநிலப் பெயருக்கான சட்டப் பாதுகாப்பை 1971இல் பெற்ற திராட்சை அது. பிரான்சில் உலர்த்தாமல் அப்படியே உண்ணும் பழங்களில் அச்சிறப்பை முதலில் பெற்றதும் அதுவே. பறித்த கொத்தைக் காம்பைப் பிடித்துத் தூக்கி, கூர்முனைச் சிறு கத்தரிக்கோலால் வெம்பியதையும் நசுங்கியதையும் ஒவ்வொன்றாக நறுக்கி நீக்குவார்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தாற்போல் படிந்திருக்கும் மெழுகுப் பூச்சில் விரல் படக்கூடாது என்பதில் அவர்கள் காட்டும் கவனம், பட்டுச் சேலை மடிப்பவரின் கவனம் போன்றது. இதே ஷாஸ்லாவிலிருந்து சுவிட்சர்லாந்தில் வெள்ளை ஒயின் செய்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே உண்ணும் ரகம், ஒயின் ரகம் என்ற வேலி எல்லா இடத்திலும் அடைத்த வேலி அன்று.

இரண்டாவது ஐயத்திற்கு விடை மண்ணில் இருக்கிறது. உங்கள் நகரின் வழியே ஓடும் கரோன் ஆறு, பிரனே மலையிலிருந்து உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கற்களைப் போர்தோவின் இடக்கரையில் குவித்திருக்கிறது. கல் பகலில் சூடேறி, நீரையும் விரைவில் வடியவிடும். தாமதமாகப் பழுக்கும் கபர்னே சோவிஞோனுக்கு அது தோதானது. வலக்கரையில், பொமரோல், செந்த் எமிலியோன் பக்கம், குளிர்ந்த களிமண் மிகுதி. அங்கே முன்னதாகப் பழுக்கும் மெர்லோ ஆட்சி செய்கிறது. பெரும்பாலும் இரண்டையும் கலந்தே ஒயின் செய்வதால் புட்டியில் ஒரு ரகத்தின் பெயரை எழுதுவதில் பொருள் குறைவு. பர்கண்டியில் கலப்பு அரிது. சிவப்பென்றால் பினோ நுவார், வெள்ளையென்றால் பெரும்பாலும் ஷார்தொனே என்பது ஊரறிந்தது, எழுதுவதற்கு என்ன தேவை? எந்த ஊரில் எந்த ரகத்தை வளர்க்கலாம் என்பதை 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ரகத்தின் பெயரை எழுதாத இந்த வழக்கத்துக்கு ஜெர்மனியை ஒட்டிய அல்சாஸ் விலக்கு. அங்கே ரீஸ்லிங், கெவுர்ஸ்த்ராமினர் என்று ரகத்தின் பெயரையே பெரிதாக அச்சிடுவார்கள்.

பழையதாள் எழுதியது:

நல்ல விளக்கம். ஒன்றைச் சேர்க்கிறேன்: ரோன் பள்ளத்தாக்கின் சிரா என்னும் கருந்திராட்சை பாரசீகத்து ஷிராஸ் நகரிலிருந்து சிலுவைப் போர் வீரர் ஒருவரால் கொண்டுவரப்பட்டது என்று படித்திருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் அதை ஷிராஸ் என்றே அழைப்பதும் அதற்குச் சான்று அல்லவா?

கொடித்தோட்டம் எழுதியது:

கதை அழகானது, ஆனால் நிற்கவில்லை. மரபணுச் சோதனையில் சிராவின் பெற்றோர் இருவரும் பிரான்சின் தென்கிழக்கிலேயே அகப்பட்டுவிட்டார்கள்: தாய் சவுவா பகுதியின் மோந்தேஸ் பிளான்ஷ், தந்தை ஆர்தேஷ் பகுதியின் துரேசா. பெயர் ஒற்றுமையை வைத்துப் பூர்விகம் சொல்வது திராட்சை விஷயத்தில் பலமுறை ஏமாற்றியிருக்கிறது.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1997இல் வெளியிட்ட முடிவின்படி, கபர்னே சோவிஞோன் என்னும் கருந்திராட்சை, கபர்னே ஃப்ராங் என்னும் கறுப்புக்கும் சோவிஞோன் பிளான் என்னும் வெள்ளைக்கும் பிறந்த பிள்ளை. பெயரிலேயே பெற்றோர் இருவரும் இருந்தும் அதுவரை யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. எனக்கு இதைவிடச் சுவையானது அவர்கள் 1999இல் சொன்னது. பர்கண்டிக் கோமகன் ஃபிலிப் 1395இல் ‘நேர்மையற்ற செடி’ என்று பழித்துத் தம் நிலத்திலிருந்து பிடுங்கச் சொன்ன கமே என்னும் ரகமும், அதே மண்ணில் இன்று தலையில் வைத்துக் கொண்டாடப்படும் ஷார்தொனேவும் உடன்பிறப்புகள். பினோ ஒரு பெற்றோர். மற்றொன்று குவே பிளான் என்னும், குடியானவர்கள் வளர்த்த, யாரும் மதிக்காத வெள்ளைத் திராட்சை. விரட்டப்பட்ட கமே தெற்கே போழொலே குன்றுகளில் நிலைத்துவிட்டது.

காணாமற்போன பிள்ளையும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பூச்சி 1860களில் தெற்கே தொடங்கி நாட்டின் கொடிகளையே அழித்தது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சு ரகத்தை ஒட்டுக்கட்டித்தான் மீண்டார்கள். இன்றும் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் மண்ணுக்குக் கீழே அமெரிக்கா, மேலே பிரான்சு. அந்த மறுநடவில் போர்தோக்காரர்கள் கார்மெனேர் என்ற ரகத்தைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே கடல் கடந்து சிலி நாட்டுக்குப் போயிருந்த கொடிகள் அங்கே மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்துகொண்டிருந்தன. மோந்பெலியே நகரைச் சேர்ந்த திராட்சையியலாளர் ழான் மிஷேல் புர்சிகோ 1994இல் சிலியின் தோட்டம் ஒன்றைப் பார்த்தபோது, இது மெர்லோ அன்று, கார்மெனேர் என்று அடையாளம் கண்டார்.

லொரேன்வாசி எழுதியது:

திராட்சையிலேயே பொழுது போகிறது. பிற பழங்களுக்கு நான் வருகிறேன். நான் வாழும் லொரேன் பகுதியின் அடையாளம் மிராபெல் என்னும் மஞ்சள் பிளம். நெல்லிக்காய் அளவு, கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள், ஆகஸ்டு நடுவில் தொடங்கி ஆறு வாரத்திற்குள் முடிந்துவிடும். மரத்தடியில் வலை விரித்துக் கிளையை உலுக்கி உதிர்ப்பார்கள். கைபட்டால் கன்றிவிடும் என்பதால் தொலைவுக்குப் பச்சையாகப் போவது குறைவு. பெரும்பகுதி ஜாமாகவும் மதுவாகவும் ஆகிவிடுகிறது.

துலூஸில் இருப்பவர் பிளமுக்காக வடக்கே வர வேண்டியதில்லை. உங்கள் ஆற்றின் வழியே கீழே போனால் அழான் நகர். அதன் பெயரால் உலகெங்கும் போகிறது உலர்ந்த பிளம். தோட்டங்கள் நகரில் இல்லை, வடக்கே லோத் ஆற்றங்கரைப் பக்கம் இருக்கின்றன. படகில் ஏற்றிய துறையின் பெயர் பெட்டியில் பதிந்து, அதுவே பழத்தின் பெயராகிவிட்டது. மூன்று கிலோ பழத்தை உலர்த்தினால் ஒரு கிலோ கிடைக்கும். அந்த ரகத்தின் பெயர் ‘ப்ருன் தான்த்’, பழைய பிரெஞ்சில் ஒட்டுக்கட்டிய பிளம் என்று பொருள். பச்சைப் பிளம் வேண்டுமென்றால் ரென் குளோத்; முதலாம் பிரான்சுவா மன்னரின் மனைவி குளோத் அரசியின் பெயர் தாங்கியது. தோல் பச்சையாக இருப்பதைப் பார்த்துக் காய் என்று ஒதுக்கிவிடாதீர்கள், நான் முதல் ஆண்டு ஒதுக்கினேன்.

ஸ்ட்ராபெர்ரியின் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. சிலியின் ஸ்பானியக் கோட்டைகளை வேவு பார்க்க அனுப்பப்பட்ட ஃப்ரெசியே என்ற அதிகாரி 1714இல் திரும்பும்போது, பெரிய பழம் தரும் செடிகளைக் கொண்டுவந்தார். கப்பலில் ஐந்துதான் பிழைத்தன. அவை அனைத்தும் பெண் செடிகளாக அமைந்துவிட, பல ஆண்டுகள் காய்ப்பு அரிது. மேற்குப் பிரான்சின் பிரெத்தான் கடற்கரையில் புளுகாஸ்தெல் பக்கம் வட அமெரிக்க ஸ்ட்ராபெர்ரியை அருகில் நட்ட பிறகே மகரந்தம் கிடைத்தது. இவ்விரண்டு இனங்களின் கலப்பில் பிறந்ததே இன்று நாம் உண்ணும் பெரிய ஸ்ட்ராபெர்ரி. பிரெஞ்சு மொழியில் ஸ்ட்ராபெர்ரிக்குப் பெயர் ஃப்ரேஸ். ஃப்ரெசியே என்ற அந்த அதிகாரியின் குடும்பப் பெயரும் அதனோடு ஒத்து ஒலிப்பது தற்செயலின் குறும்பு. ஏப்ரலில் சந்தைக்குப் போனால் நீண்டு மெலிந்த கரிகெத் ரகத்தைக் கேளுங்கள். மணம் முதலில் வரும், பழம் பின்னால் வரும்.

கம்பத்துக்காரன் எழுதியது:

ஒரு சிறு குறிப்பு. துலூஸ் சந்தையில் ‘முஸ்கா த அம்பூர்’ என்ற கருந்திராட்சை கண்ணில் பட்டால் வாங்கிப் பாருங்கள். புரோவான்ஸ் பக்கம் வாந்து மலையடிவாரத்தில் விளைவது. எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை என்று நாம் சொல்லி, 2023இல் புவிசார் குறியீடு பெற்றதும் இதே மஸ்கட் ஹம்பர்க் ரகம்தான். பிறப்பில் இது பிரெஞ்சுத் திராட்சை அன்று, ஆனால் இரு நாட்டிலும் மணத்துக்காகவே வாங்குகிறார்கள்.

துலூஸ்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்றுச் சந்தையில் முஸ்காவைக் கண்டேன். பெட்டிக்கு மேலே குனிந்ததுமே பன்னீர் திராட்சை என்று மூக்கு சொல்லிவிட்டது. ஒரு கொத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது கடைக்காரம்மா மெல்லக் கையை விலக்கி, காம்பைப் பிடித்துத் தாமே எடுத்துக் கொடுத்தார். ரென் குளோத் இந்த ஆண்டு முடிந்துவிட்டதாம். வரும் சனிக்கிழமை முவாசாக் செல்கிறேன்.