மாடி டேங்க் ஆட்டோமேட்டிக்: இஎஸ்பி32-ஆ, மூணு ஃப்ளோட்டா?

மொட்டைமாடி:
1000 லிட்டர் டேங்க், கீழே சம்ப், 1 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். டேங்க் மூடியில ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி அல்ட்ராசோனிக் சென்சார் (ஒலி அனுப்பி, எதிரொலி வர்ற நேரத்தை வெச்சு தூரம் அளக்குறது), மோட்டார் ரூம்ல இஎஸ்பி32 (கோடு எழுதி ஓட்டுற சின்ன சிப் போர்டு), மோட்டாரை ஓட்ட 10 ஆம்பியர் நீல ரிலே (சின்ன சிக்னல்ல தட்டுற சுவிட்ச்) போர்டு. இதுதான் திட்டம். எங்கே இடிக்கும்?

கம்பிக்காரன்:
ரிலேயிலேயே இடிக்கும். அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரி லோடுக்கு எழுதினது. 1 ஹெச்பி மோட்டார் ஓடும்போது 6, 7 ஆம்பியர்தான், ஆனா கிளம்புற நொடியில அதுக்கு ஐந்தாறு மடங்கு இழுக்கும். காண்டாக்ட் ரெண்டும் பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கும். போர்டுல எல்இடி அணையும், மோட்டார் நிக்காது. மோட்டாருக்கு கான்டாக்டர் (மோட்டார் கரண்டைத் தாங்குற கனமான ரிலே) போடுங்க, சின்ன ரிலே அதோட காயிலை (சுவிட்சை இழுக்கிற காந்தச் சுருள்) மட்டும் தட்டட்டும்.

சிப்பே தேவையில்லைங்கிறது என் கட்சி. 12 வோல்ட் அடாப்டர், 12 வோல்ட் டூ-போல் ரிலே (ஒரே காயில், ரெண்டு தனி சுவிட்ச்) ஒண்ணு, ரீட் ஃப்ளோட் (மிதவையில இருக்கிற காந்தத்தால திறந்து மூடுற சுவிட்ச்) மூணு. அடாப்டர் பிளஸ்ல இருந்து வரிசையா: மேல் ஃப்ளோட் (டேங்க் நிறைஞ்சா திறக்கும்), சம்ப் ஃப்ளோட் (தண்ணி இருந்தா மூடும்), கீழ் ஃப்ளோட் (டேங்க்ல தண்ணி இறங்கினா மூடும்), ரிலே காயில், மைனஸ். ரிலேயின் முதல் போலை கீழ் ஃப்ளோட்டுக்கு இணையா கட்டினா ரிலே தன்னைத்தானே பிடிச்சுக்கும். ரெண்டாவது போல் கான்டாக்டர் காயிலுக்கு. ரிலே காயில் மேல 1என்4007 டையோடை தலைகீழா போட மறந்தா ரீட் சீக்கிரம் தீய்ஞ்சிடும்.

சுண்டெலி32:
பாதி டேங்க் ஏறும்போது கரண்ட் போனா? பிடிச்சிருந்த ரிலே விட்டுடும். கரண்ட் திரும்பினாலும் கீழ் ஃப்ளோட் வரை தண்ணி காலியாகணும், அதுவரை மோட்டார் கிளம்பாது.

கம்பிக்காரன்:
கீழ் ஃப்ளோட்டுக்கு இணையா ஒரு புஷ் பட்டன். ஒரு அமுக்கு, முடிஞ்சது.

சுண்டெலி32:
ஆட்டோமேட்டிக்னு பேரு, அமுக்க ஆள் வேணும்! சரி, அதை விடுங்க. ஃபுட் வால்வு (உறிஞ்சுற பைப் அடியில தண்ணி திரும்பாம தடுக்கிறது) கசிஞ்சு பம்புல பிரைமிங் (உள்ளே நிறைஞ்சிருக்க வேண்டிய தண்ணி) போயிடுச்சுன்னு வைங்க. சம்ப்ல தண்ணி இருக்கு, மூணு ஃப்ளோட்டும் சம்மதம்னு சொல்லும். மோட்டார் தண்ணியில்லாம சுத்தி சீல் வெந்துபோகும். ஃப்ளோட்டுக்கு மட்டம் தெரியும், தண்ணி ஏறுதா இல்லையான்னு தெரியாது.

இஎஸ்பிக்குத் தெரியும். டேங்க் விட்டம் 1.1 மீட்டர்னா 1 செ.மீ. உயரம் சுமார் 9.5 லிட்டர். நிமிஷத்துக்கு 30 லிட்டர் ஏத்துற பம்பு 3 நிமிஷத்துல 9 செ.மீ. ஏத்தணும். 3 செ.மீ. கூட ஏறலைன்னா நிறுத்து, பூட்டு, பஸ்ஸர் அடி. இதுக்கு நாலு வரி கோடு போதும்.

கம்பிக்காரன்:
அந்த 3 செ.மீ.யை உங்க சென்சார் பார்க்கணுமே. ஒலியோட வேகம் 20 டிகிரியில நொடிக்கு 343 மீட்டர், 50 டிகிரியில சுமார் 361. சித்திரை வெயில்ல டேங்குக்குள்ள என்ன சூடுன்னு தெரியும்ல? 80 செ.மீ. தூரத்துக்கு 4 செ.மீ. பிழை.

சுண்டெலி32:
கணக்கு சரி, இடம் தப்பு. 3 நிமிஷத்துல சூடு மாறாது, வித்தியாசம் எடுக்கும்போது அந்தப் பிழை பெரும்பாலும் கழிஞ்சிடும். ஐந்து ரீடிங் எடுத்து நடு மதிப்பை வெச்சுக்கிட்டா சும்மா குதிக்கிறதும் அடங்கும்.

ஈயப்பற்று:
ரெண்டு பேரும் பெரிய சிக்கலை விட்டுட்டீங்க. ஜேஎஸ்என் சென்சாருக்கு 20–25 செ.மீ. கிட்டத்துல கண் தெரியாது. டேங்க் நிறையும்போது தண்ணி மூடிக்கு 15 செ.மீ. கீழே நிக்கும், அதாவது 'நிறைஞ்சுது'ங்கிற ரீடிங்கே நம்பகமா வராது. காலையில சென்சார் முகத்துல நீர்த்துளி தொங்கினா அதையே தண்ணின்னு நினைக்கும். அதனால நிறுத்துற பொறுப்பை சென்சார்கிட்ட கொடுக்காதீங்க, அது ஃப்ளோட் வேலை. 3 நிமிஷச் சோதனைக்கு மட்டும் சென்சாரை வெச்சுக்கலாம். நீர்மட்டம் 25 செ.மீ. எல்லைக்குள்ள வந்துட்டா அந்தச் சோதனையையும் கோடுல விட்டுடணும், இல்லேன்னா நல்லா ஓடுற மோட்டாரைப் பூட்டி வைக்கும்.

இன்னொண்ணு. சென்சார் தலையோட வர்ற கேபிள் 2.5 மீட்டர்தான். இஎஸ்பி மோட்டார் ரூம்ல இருக்க முடியாது, மாடிக்குப் போகணும், இல்லேன்னா நடுவுல ஆர்எஸ்485 (நீள வயர்ல டேட்டா அனுப்புற இணைப்பு) வேணும். சென்சார் போர்டுக்கு 5 வோல்ட் கொடுத்தா எக்கோ சிக்னலும் 5 வோல்ட்ல வரும். 1கே, 2கே ரெசிஸ்டர்ல பிரிச்சு 3.3 ஆக்கித்தான் இஎஸ்பி பின்னுக்குக் கொடுக்கணும்.

மொட்டைமாடி:
கான்டாக்டர் விடும்போது இஎஸ்பி ரீசெட் ஆகும்னு படிச்சேன். ரிலே காண்டாக்ட் மேல ஸ்னப்பர் (மின் இரைச்சலை அடக்குற ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) போட்டா சரியாகுமா?

ஈயப்பற்று:
காண்டாக்ட் மேல வேண்டாம். 100 ஓம், 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்2 (230 வோல்ட் லைன்ல போடத் தகுந்த ரகம்) கெப்பாசிட்டர் தொடரை கான்டாக்டர் காயில் மேல, அதோட ஏ1–ஏ2 முனைகளுக்கு நடுவுல போடுங்க. காண்டாக்ட் மேல போட்டா ரிலே திறந்திருக்கும்போதும் 7 மில்லிஆம்பியர் கசியும், சின்ன காயிலா இருந்தா முனகிட்டே கிடக்கும்.

சுண்டெலி32:
இஎஸ்பியோட நீல ரிலேயை கம்பிக்காரன் சொன்ன 12 வோல்ட் வரிசையிலேயே தொடரா போட்டுடலாம். அப்போ நிறுத்துற உரிமை மட்டும்தான் அதுக்கு இருக்கும்.

கம்பிக்காரன்:
அப்படின்னா என்.சி. பின்ல (ரிலே சும்மா இருக்கும்போது மூடியிருக்கிற முனை) கட்டுங்க. இஎஸ்பி செத்தாலும் ஃப்ளோட்டுங்க வேலையைப் பார்க்கும். மேல் ஃப்ளோட்டை 230 வோல்ட் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீங்க. சாதாரண ரீட் 10 வாட்டுக்கு மேல தாங்காது, அதுவும் ஈரமான டேங்க் வரைக்கும் ஃபேஸ் வயரை இழுக்கக் கூடாது.