பனியில் கேட்ட காலடி ஓசை

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடைபெறும் வைல்ட்ஸ்கிரீன் விழாவுக்கு ஒருமுறை சென்றுவந்தேன். 1982ஆம் ஆண்டு தொடங்கிய இவ்விழாவில் வழங்கப்படும் பாண்டா விருதுகளைக் காட்டுயிர்ப் படத்துறையினர் ‘பசுமை ஆஸ்கர்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அங்கே பார்த்த படங்களில் பல இப்போது மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன; ஆனால், ஒலிக் கலைஞர் ஒருவருடன் பேசிக்கொண்டிருந்த அரைமணி நேரம் அப்படியே மனத்தில் நிற்கிறது.

அவர் ஒரு காலுறைக்குள் கஸ்டர்ட் பவுடரைக் கொட்டி, வாயை முடிச்சிட்டு, இரு கைகளாலும் மெல்ல அழுத்தினார். கறுக், கறுக் என்று அடங்கிய ஓசை எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபோது, உறைபனியின் மேல் ஒரு பனிக்கரடி நிதானமாக நடந்துவருவதுபோலவே இருந்தது. வெகு தொலைவிலிருந்து நீண்ட லென்ஸில் படம்பிடிக்கும்போது விலங்கின் உருவம் அருகே வந்துவிடுகிறது, காலடி ஓசை வருவதில்லை. மைக்கில் பதிவாவது பெரும்பாலும் காற்றின் இரைச்சலும் படக்குழுவினரின் அசைவும்தான் என்று விளக்கினார்.

“அப்படியானால் நாங்கள் கேட்பது பொய்தானா?” என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ஓசையை உருவாக்கலாம், விலங்கு செய்யாத ஒன்றைச் செய்ததாகக் காட்டக்கூடாது, அதுவே தம் எல்லை என்றார். 1958இல் வெளிவந்த டிஸ்னி ஆவணப்படம் ஒன்றில், லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்குகள் தாமாகவே நீரில் பாய்ந்து சாவதாகக் காட்டுவதற்காக அவற்றை மேட்டிலிருந்து தள்ளிவிட்டது பிற்பாடு தெரியவந்ததையும், அந்தக் கதையை இன்றும் நம்புவோர் இருப்பதையும் வருத்தத்துடன் குறிப்பிட்டார். அவர் சொன்ன எல்லை எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் ஓசை பின்னர் சேர்க்கப்பட்டது என்று படத்தின் முடிவில் ஒரு வரியாவது போட வேண்டும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

உள்ளதை உள்ளபடி காட்டும் காட்சிக்கு எவ்வளவு வலு உண்டு என்பதற்கு நான் அவரிடம் நம் நாட்டுச் சான்று ஒன்றைச் சொன்னேன். குஜராத் கடற்கரையில் திமிங்கலச் சுறாக்கள் கொல்லப்படுவதை இந்தியக் காட்டுயிர்ப் பட இயக்குநர் மைக் பாண்டே படமாக்கினார். அந்தப் படம் 2000இல் இதே விழாவில் பாண்டா விருது பெற்றது. மறு ஆண்டே இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்பு அளிக்கும் முதல் அட்டவணையில் திமிங்கலச் சுறா சேர்க்கப்பட்டது. ஒலிக் கலைஞர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தக் கரையில் என்ன ஓசை கேட்டிருக்கும் என்றுதான் கேட்டார்.