புதுப்பிப்பு: அம்மாவோடு கண்டி போய் வந்தாச்சு

மட்டக்களப்பிலிருந்து கண்டிக்கு எந்த வழியில் போகலாம், அறுபது தாண்டிய அம்மா தாங்குவாவா என்று போன மாதம் கேட்டிருந்தேன். மகா ஓயா, மகியங்கனை வழி கிட்ட என்று பலர் சொன்னீர்கள். கிட்டதான், ஆனால் மலையேறும் அந்தப் பதினெட்டு கொண்டை ஊசி வளைவைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லையே! அம்மா தேசிக்காயை மணந்தபடியே ஏறினா.

கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு அரை நாள் போதும் என்று நினைத்தது என் பிழை. 147 ஏக்கர், மூன்று பக்கமும் மகாவலி. 1821இல் தொடங்கிய தோட்டம். 1901இல் இங்கிலாந்து இளவரசர், பிறகு ஐந்தாம் ஜோர்ஜ் ஆனவர், நட்ட நாகலிங்க மரம் இன்னும் காய்க்கிறது. அம்மா அதனடியில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா. இரட்டைத் தேங்காய் என்ற பென்னம்பெரிய காயைப் பார்த்து, "இதில எத்தனை சொதி வைக்கலாம்" என்றா. மரங்களில் தொங்கும் வௌவால்களை அண்ணாந்து பார்த்தே கழுத்து நொந்தது.

கண்டி வாவியை 1807இல் வெட்டுவித்த கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையில் இறந்த கதையைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை.

திரும்பும்போது மாத்தளை, பொலன்னறுவை வழி. முத்துமாரியம்மனையும் கும்பிட்டாச்சு. தூரம் கூட, ஆனால் தேசிக்காய் தேவைப்படவில்லை.