ஒரே 349 சிசி இஞ்சின், நாலு வண்டி: சோம்பேறித்தனமா, கணக்கா?

மலைப்பாதை: ராயல் என்ஃபீல்டின் 350 வரிசையைப் பாருங்கள். 2020இல் மீட்டியோர், மறுவருஷம் புது கிளாசிக், 2022இல் ஹண்டர், 2023இல் புல்லட். நாலிலும் அதே 349 சிசி, அதே 20 குதிரைத்திறன், அதே ஐந்து கியர். டேங்கையும் சீட்டையும் மாற்றிப் பெயர் வைத்தால் புது வண்டி ஆகிவிடுமா? கிளாசிக் 195 கிலோ. அதற்கு 20 போதுமா? இது சோம்பேறித்தனம் இல்லாமல் வேறென்ன?

பட்டறைக்காரன்: தம்பி, குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். இழுவையைப் பாருங்கள். 27 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிஷத்துக்கு 4000 சுற்றிலேயே. போர், அதாவது சிலிண்டரின் விட்டம், 72 மில்லிமீட்டர்; ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் போகிற தூரம், 85.8. பிஸ்டன் நெடுக ஏறி இறங்குகிற இஞ்சின் இது. 9000 சுற்றுக்கு விரட்டினால் தாங்காது, விரட்ட வேண்டிய அவசியமும் இல்லை. சந்தைக் கூட்டத்தில் அடிக்கடி கியரைக் குறைக்காமல் மெல்ல உருட்டிக்கொண்டு போகலாம். இதை வாங்குகிறவர் தேடுவது அதைத்தான். அப்புறம் என் பக்கத்துக் கணக்கு ஒன்று உண்டு. இந்த நாலில் எது வந்து நின்றாலும் அலமாரியிலிருந்து அதே ஆயில் ஃபில்டரைத்தான் எடுக்கிறேன். நாலு இஞ்சின் என்றால் நாலு அலமாரி போட வேண்டும்.

மலைப்பாதை: அலமாரி உங்களுக்கு வசதி அண்ணே, காசு கொடுப்பது நான். ஹிமாலயன் 450 இருக்கிறதே! 452 சிசி, ரேடியேட்டர், 40 குதிரைத்திறன், ஆறு கியர். எடை 196 கிலோ, கிளாசிக்கைவிட ஒரே ஒரு கிலோ கூடுதல். செய்யத் தெரியாமல் இல்லை, மனசில்லை.

வரிக்கணக்கு: நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், தாண்டினால் 40. வரிக்கு முன் 2 லட்சம் விலையுள்ள வண்டிக்கு 36,000 எங்கே, 80,000 எங்கே? அந்த 72 மில்லிமீட்டர் போரை 73 ஆக்கிப் போட்டுப் பாருங்கள், 359 சிசி வருகிறது. ஒரு மில்லிமீட்டருக்கு 44,000 ரூபாய்! ஹோண்டாவின் சிபி350கூட 348 சிசியோடு நின்றுகொண்டது.

மலைப்பாதை: குதிரைக்கு முன்னால் வண்டியைக் கட்டுகிறீர்கள். இந்த இஞ்சின் வந்தது 2020இல், 40 சதவீதம் வந்தது 2025இல். பழைய இஞ்சினே போர் 70, ஸ்ட்ரோக் 90, 346 சிசிதான். 1950களில் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியபோதே அது 350. அப்போது ஜிஎஸ்டியை யார் கண்டார்கள்?

வரிக்கணக்கு: பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோடு 2017லேயே போட்டாயிற்று. 350ஐத் தாண்டினால் அப்போது 28 சதவீத ஜிஎஸ்டிக்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரி 3 சதவீதம். வழக்கமாக 350 செய்துவந்த கம்பெனி, புது இஞ்சினிலும் அந்தக் கோட்டுக்கு உள்ளேயே நின்றுகொண்டது. 2025இல் அடித்தது யோகம்.

ஒத்தைசிலிண்டர்: நீங்கள் வேகம் போதாது என்கிறீர்கள். என் வழக்கு வேறு. வால்வைத் தள்ள உதவும் புஷ்ராட் கம்பியை எடுத்துவிட்டு, வால்வைத் திறக்கிற கேமை சிலிண்டருக்கு மேலே கொண்டுபோனார்கள், அதிர்வைக் குறைக்க பேலன்ஸர் ஷாஃப்ட் வைத்தார்கள். பழைய தடதடப்பு போயே போச்சு. எங்கள் தெரு நாய்கள்கூட இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை. இதில் 40 குதிரை வேறு வேண்டுமாம்!

பட்டறைக்காரன்: பார்த்தீர்களா தம்பி, இவரையும் உங்களையும் ஒரே இஞ்சினால் சமாளிக்க வேண்டியிருக்கிறது. இஞ்சின் ஒன்றானாலும் ஓட்டம் ஒன்றில்லை. ஹண்டர் 181 கிலோ, இரண்டும் 17 அங்குலச் சக்கரம். கிளாசிக்கின் முன்சக்கரம் 19. முதல் வளைவிலேயே வித்தியாசம் கைக்குத் தெரியும். ஒரு இஞ்சினை பிஎஸ்6 என்ற புகை விதிக்குத் தேற்ற ஆன செலவை நாலு வண்டியின் தலையில் பிரித்துப் போடலாம். ஓசூரில் டிவிஎஸ் 312 சிசி இஞ்சினை அப்பாச்சிக்கும் போட்டது, பிஎம்டபிள்யூ ஜி 310க்கும் போட்டது. பிஎம்டபிள்யூவை யாரும் சோம்பேறி என்று திட்டக் காணோமே!

மலைப்பாதை: சரி, வரி புரிகிறது, ஃபில்டரும் புரிகிறது. ஆறாவது கியருக்கு எந்த வரியும் இல்லையே அண்ணே, அதையாவது போட்டிருக்கலாமே?