பழனி மலைத் துருநோய் மத்தியப் பிரதேசக் கோதுமைக்குப் போகுமா?

வாடிப்பட்டியான்:
கொடைக்கானல் பக்கம் மன்னவனூரில் மாமனார் காட்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் சம்பா கோதுமை நிற்கிறது. தண்டு முழுக்கச் செங்கல் பொடி தூவினது போல இருந்தது, தொட்டால் கையில் ஒட்டுகிறது. பார்த்த ஒருவர், "இது காற்றிலேயே மத்தியப் பிரதேசம் வரைக்கும் போகும்" என்றார். அங்கே இல்லாத துருவா இங்கிருந்து போக வேண்டும்? இந்தப் பொடி கீழே இறங்கி எங்கள் நெல்லையும் பிடிக்குமா?

ஒத்தக்கடை பயிர்நோய்:
நெல்லுக்குப் பயமே வேண்டாம் தம்பி. நெல்லைத் தாக்கும் துருநோய் என்று ஒன்று கிடையாது.

உங்களிடம் சொன்னவர் சொன்னது சரிதான். சமவெளியில் அறுவடை முடிந்ததும் வருகிற கோடை வெயிலில் துருப் பூஞ்சையின் வித்துகள், அதாவது நீங்கள் பார்த்த அந்தப் பொடி, செத்துவிடும். அப்புறம் அடுத்த பருவத்தில் நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ராவில் இருந்த பயிர்நோய் விஞ்ஞானி கே.சி. மேத்தா பல வருடம் இதன் பின்னாலேயே அலைந்தார். குளிர்ந்த மலைகளில்தான் அது உயிரோடு தங்குகிறது என்று காட்டினார். தண்டுத் துருவுக்கு நீலகிரியும் நம் பழனி மலையும்தான் முக்கியமான இருப்பிடம். மலையில் ஏதாவது ஒரு கொல்லையில் எப்போதும் பச்சைக் கோதுமை நிற்கும். அது போதும். நவம்பர் வாக்கில் வங்கக் கடலில் புயல் உருவானால், அந்தக் காற்று வித்துகளை வடக்கே தூக்கிப் போகும். மத்திய இந்தியாவில் மழையோடு மழையாக அவை பயிர் மேல் இறங்கும். 1970களிலும் 80களிலும் வானிலைப் படங்களோடு ஒப்பிட்டு நம் விஞ்ஞானிகள் இந்த வழியை உறுதி செய்தார்கள்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது மரபணுப் பக்கம். துருவின் ஒரு வித்துக்குள் மரபணுக்களைத் தாங்கும் உட்கருக்கள் இரண்டு உண்டு. நம் நாட்டில் அது ஆண் பெண் சேர்க்கை இல்லாமல் தன்னையே நகலெடுத்துப் பெருகுகிறது. அதனால் மாறாது என்று நினைத்துவிடக் கூடாது. உலகம் முழுக்கக் கோதுமையைக் காப்பாற்றி வந்தது கம்புக்கோதுமையிலிருந்து கொண்டுவந்த எஸ்ஆர்31 என்ற மரபணு. ரை என்று சொல்வார்களே, அந்தத் தானியம்தான் கம்புக்கோதுமை. 1998இல் உகாண்டாவில் கண்ட துரு அதையும் தாண்டியது, யூஜி99 என்று பெயர் வைத்தார்கள். 2019இல் அதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, அதன் இரண்டு உட்கருக்களில் ஒன்று ஆப்பிரிக்காவில் பல பத்தாண்டுகளாக இருந்த பழைய இனத்தின் உட்கருவேதான் என்று தெரிந்தது. இரண்டு துருக்கள் ஒரே செடியில் கலந்து உட்கருவை மாற்றிக்கொண்டிருக்கின்றன! அதனால்தான் சொல்கிறேன், மலையில் நிற்கும் ஒரு சின்னக் கொல்லையையும் அலட்சியமாக விடக் கூடாது. எந்த இனத் துரு அங்கே தங்கியிருக்கிறது என்பது வடக்கே விதைக்கிறவருக்கும் தெரிய வேண்டிய சேதி.

பூம்பாறை வாசி:
ஐயா, எங்கள் பக்கம் ஊசிக்களா புதர் நிறைய. வெளிநாட்டில் அந்தச் சாதிச் செடியைத் துருவுக்காக வெட்டினார்கள் என்று படித்தேன். நாங்களும் வெட்ட வேண்டுமா?

ஒத்தக்கடை பயிர்நோய்:
தயவுசெய்து வெட்டாதீர்கள். அமெரிக்காவில் 1918இல் தொடங்கி வெட்டியது ஐரோப்பாவிலிருந்து போன வேறு ஒரு இனத்தை. அங்கே துரு அந்தச் செடியில் ஏறித்தான் சேர்க்கை செய்து புதுப்புது இனங்களைப் பெற்றெடுத்தது. இந்தியாவில் துருவின் சுழற்சிக்கு இந்தப் புதர்கள் தேவைப்படவில்லை என்பதும் மேத்தா கண்டதுதான். ஊசிக்களாப் பழத்தைக் குருவிகள் தின்னட்டும்.

வாடிப்பட்டித் தம்பிக்கு: அறுத்த பிறகு தானாக முளைக்கிற கோதுமையை விட்டுவைக்காமல் உழுதுவிடச் சொல்லுங்கள். அடுத்த விதைப்புக்கு நீலகிரி வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையத்தில் கேட்கலாம். துருவைத் தாங்குகிற சம்பா கோதுமை ரகத்தை அங்கேயே உருவாக்கியிருக்கிறார்கள்.

வாடிப்பட்டியான்:
ரொம்ப நன்றி ஐயா. மாமனாரிடம் இன்றைக்கே பேசுகிறேன்.